கோலம் இல்லாத வாசல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த நேரத்தில், திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வதுதான் என் பழக்கம். அப்படிப்பட்ட நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நான் இருந்ததைப் போலவே எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும் யாராவது ஒருவர் இதைப் படிக்கலாம்.

என் கணவர் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறார். பருப்பும் மல்லியும் வத்தலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கடை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஒரே மகள், கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருக்கிறாள். பகலெல்லாம் என்னோடு வீட்டில் இருந்தவர் என் மாமியார்தான். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வருடக்கணக்கில் அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டிவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். கையெட்டும் தூரத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். அதைக் கட்டில் சட்டத்தில் டங் டங் என்று தட்டினால் என்னைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

படுத்திருக்கும் இடத்திலிருந்து அத்தைக்கு வாசல் தெரியாது. ஆனாலும் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன போட்ட?" என்பதுதான்.

நான் நின்று சொல்ல வேண்டும். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா, எத்தனை புள்ளி, நடுவில் பூவா தீபமா என்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, "இதத்தானட்டீ அன்னைக்கும் போட்ட? வேற ஒண்ணும் தெரியாதா உனக்கு?" என்பார். அவர் வாயை அடைக்கவேண்டும் என்பதற்காகவே படுக்கப் போகும்போது மறுநாள் கோலத்தை மனதுக்குள் போட்டுப் பார்த்து வைப்பேன்.

அத்தை காலமானபோது வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிப்பதைத் துஷ்டி கேட்பது என்று சொல்வோம். வந்தவர்கள் என் கணவரிடமும், தென்காசியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணனிடமும் உட்கார்ந்து துஷ்டி கேட்டார்கள். நான் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது எட்டிப் பார்த்து, "இனியாவது நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார்கள். ஒருத்தர் விடாமல் அதையே சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

முதல் வருடம் எப்படியோ ஓடியது. வருஷத் திவசம் முடிந்த பிறகுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியாது. விடியற்காலையில் டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்ட மாதிரி விழிப்பு வந்துவிடும். பிறகு அப்படியே மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒரு வேலையைத் தொடங்கலாம் என்று நினைத்தாலே அது மலை மாதிரித் தெரியும். அரைத்து வைத்த மாவு புளித்துக் கொட்டவேண்டி வந்தது. தலைமுடி சிக்குப் பிடித்தது. கணவர் காலையில் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு, மத்தியானம் கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது.

டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். 'ரொம்ப நாளா ஒண்ணும் செய்யத் தோணலை' என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது வீடியோ அனுப்புவாள். மனம் சோர்ந்தால் நடக்கப் போங்கள், பாட்டுக் கேளுங்கள், பிடித்ததைச் செய்யுங்கள் என்று யாராவது அதில் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அதற்கெல்லாம் முதலில் எழுந்திருக்க வேண்டுமே. அந்த ஒன்றை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளை இங்கே அழைத்துவந்து, வளைகாப்பு நடத்தி, பிரசவமும் பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. சம்பந்தி வீட்டில் நாள் கேட்டு இரண்டு தடவை பேசிவிட்டார்கள். வசதிப்படாவிட்டால் அங்கேயே பார்த்துக்கொள்வதாகவும், எதுவானாலும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடும்படியும் கேட்டிருந்தார்கள்.

அதை நினைத்தாலே வேலைகள்தான் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன. வெந்நீர், துணி, இரவெல்லாம் விழிப்பு. மறுபடியும் ஓர் உயிர் என் கையை நம்பிப் படுத்திருக்கும். என் தலையை வாரவே எனக்கு முடியவில்லை, பச்சைக் குழந்தையை எப்படித் தூக்குவேன்?

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருவோம். அதுல ஒண்ணுமில்ல" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மகள் கூப்பிடும்போது போனை எடுக்காமல் அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை ஒப்புக்கு நாலு புள்ளி வைத்து இழுத்துக்கொண்டிருந்த கோலமும் அந்த வாரத்தில்தான் நின்றது. ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று விட்டேன். மறுநாள் தண்ணீர் வந்தது, ஆனாலும் போடவில்லை. போட்டுவிட்டு உள்ளே வந்தால் கேட்பதற்கு ஆளில்லை. யாருக்காகப் போடுவது? தினமும் காலையில் பூ கொண்டுவரும் பெண்ணிடம் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "பூ வேண்டாம்" என்றேன்.

"நாளைக்கோ சேச்சி?" என்றாள்.

"நாளைக்கும் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

போதாததற்கு, அந்த வெயிலில் என் கணவருக்குத் தாடையில் வேனல் கட்டி வந்திருந்தது. சவரம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நரைத்த தாடியோடு தலையைக் குனிந்துகொண்டு தெருவில் போய் வந்தார். எங்கள் தெருவில் இதற்கெல்லாம் சேர்த்து ஓர் அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அது இரண்டாம் சனிக்கிழமை. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, கடைகளுக்குக் கிடையாது. கணவர் போய்விட்டார். நான் முன்னறையில் வெறும் தரையில் படுத்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை.

யாரும் கூப்பிடவில்லை. கதவு தானாகத் திறந்தது போலத் திறந்தது. எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை. தெருக்கோடி வரை கேட்கிற குரல். அவருடைய குடும்பமும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கியதுதான், ஆனால் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். எதிர் எதிராக இத்தனை வருடம் இருந்தும், "என்னக்கா, ஆபீஸா?" என்பதைத் தாண்டி நான் அவரிடம் பேசியதில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு அந்தக் குரலே பயம்.

அன்றைக்கு அந்தக் குரல் இல்லை. பழைய பருத்திப் புடவை, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். அவருக்குப் பின்னால் பூக்காரப் பெண்ணும் வந்தாள். பூக்கூடையை வெளியிலேயே ஓரமாக வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

"எந்திரிக்காண்டாம், கெட மக்களே" என்று அக்கா மெதுவாகச் சொல்லி, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒத்தைக்குக் கெடந்து அழுதுட்டு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லிவிட்டா நாங்க வரமாட்டோமா?"

என் கணவர்தான் என் நிலைமையை இவரிடம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"எம்புட்டுப் பாத்துச் செஞ்ச கை இது" என்று என் கையைத் தடவினார். "ராத்திரி, பகல்னு பாத்திருப்பியா? அழு. அழுது தீக்கணும் கேட்டியா."

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவர் மடியில் தலையை வைத்து, சத்தம் போட்டு அழுதேன். கூச்சமே வரவில்லை. அத்தை போன அன்றுகூட நான் அப்படி அழுததில்லை. அன்று காப்பிக்குப் பால் போதுமா என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன். நம்ம கேட்டுப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு இருந்து பேப்பர் வாசிச்சிட்டு, நான் பஸ்ஸுக்கு ஓடும்போதெல்லாம் 'என்னம்மா, இன்னைக்கும் லேட்டா'ன்னு கேப்பாரு. இனி யாரு கேப்பா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட பூவுக்கு வெல பேசாத ஒரேயொரு ஆளு" என்றாள் பூக்காரப் பெண் கதவருகிலிருந்து. "ஹார்ட் ஆப்பரேஷன் கழிஞ்ச ஆளல்லே, பாவம். நான் அன்னைக்கே நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் என் கணவரின் அண்ணனைச் சொல்கிறார்கள். அவரை நானும் தெருவில் எல்லோரும் அண்ணாச்சி என்போம். இதய அறுவைச் சிகிச்சைக்காக இங்கே வந்து சில வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அந்தச் சில வாரத்தில் நான் இத்தனை வருடத்தில் பேசியதைவிட அதிகமாகத் தெருவோடு பேசிவிட்டுப் போனவர்.

ஒரு நொடி எனக்கே பயம் வந்துவிட்டது. ஒருவேளை அண்ணாச்சி போய்விட்டாரோ, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லையோ? பிறகு, முந்தின நாள் இரவு அவர் என் கணவரோடு போனில் பேசியது ஞாபகம் வந்தது. வாசலில் கோலமில்லை, பூ வேண்டாம் என்றாயிற்று, வீட்டு ஆண் தாடியோடு அலைகிறார். தெரு கணக்குப் போட்டு அண்ணாச்சியைச் சாகடித்துவிட்டது. அக்கா வாசலில் நின்று கூப்பிடாமல் உள்ளே வந்ததும் அதனால்தான். துஷ்டி வீட்டுக்குள் யாரும் கூப்பிட்டுக்கொண்டு நுழைவதில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் மடியில் படுத்து அழுதுவிட்டு, 'யாரும் சாகவில்லை அக்கா' என்று எப்படிச் சொல்வது? எனக்கு அழுகையை நிறுத்தவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அலமாரியில் இருந்த போன் அடித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"நீ இரி, நான் சொல்லிக்கிடுதேன்" என்று அக்கா எட்டிப் போனை எடுத்தார். "ஹலோ. அவ இப்போ பேசுற நெலமைல இல்ல. நான் எதிர்வீடு. நீங்க யாரு?"

அந்தப் போனில் சத்தம் எப்போதும் உரக்கத்தான் கேட்கும்.

"நாந்தான் தென்காசில இருந்து பேசுதேன். ஏன், அவளுக்கு என்ன? மேலுக்கு முடியலையா?"

"தென்காசில யாரு?"

"யாருன்னா? அவ வீட்டுக்காரனுக்கு அண்ணன். யம்மா, நீ எதிர்வீட்டு ஆபீஸ்காரிதான? என் கொரலு தெரியலையா உனக்கு?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பூக்காரப் பெண் "ஈஸ்வரா" என்று கதவை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்கேன் அண்ணாச்சி" என்றார் அக்கா. "நீங்களும் இருக்கிய. சந்தோஷம்."

"என்னமோ சொல்லுத. சரி, வளைகாப்புக்கு நாள் பாத்தாச்சான்னு அவகிட்ட கேளு. முன்கூட்டிச் சொன்னாத்தான நான் வர முடியும்? கடைசி நேரத்துல டிக்கெட் கெடைக்காது."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அடக்க முடியவில்லை. முகமெல்லாம் கண்ணீரும் மூக்குநீருமாகச் சிரிக்க ஆரம்பித்தேன். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருடைய பழைய குரலில் இருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"எல்லாம் இவளால" என்று பூக்காரப் பெண்ணைக் காட்டினார். "அண்ணாச்சி போயாச்சு, வீட்டுல தீட்டுன்னு தெரு முழுக்கப் பூவோட சேத்து வித்துட்டா."

"பின்னே நான் எந்தா நெனைக்கணும்?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். "கோலம் இல்ல. பூ வேண்டாம். இந்த வீட்டு அண்ணன் தாடி வளத்துட்டுப் போறாரு. தாடியப் பாத்தா யாருக்கும் தோணும், அல்லே?"

"அவருக்குத் தாடைல வேனக்கட்டி" என்றேன். அவளுக்கு அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது. "பூ வாடிப்போவும், நான் போகட்டே" என்று கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்போ நீ யாருக்கு அழுத?"

அவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தைக்கு" என்றேன்.

அக்கா தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"அன்னைக்கு நானும் வந்தேன். நீ காப்பி கொண்டாந்து தந்த. அத வாங்கிக் குடிச்சிட்டே உங்க வீட்டுக்காரர்ட்டயும் அண்ணாச்சிட்டயும் துஷ்டி கேட்டேன். டம்ளர உன் கைல தந்துட்டுப் போயிட்டேன்."

"மகன்மார்ட்டதானக்கா கேப்பாங்க."

"ஆமா. அப்படித்தான் கேப்பாங்க." பிறகு காலை மடித்துச் சரியாக உட்கார்ந்துகொண்டு, "இப்போ உங்கிட்ட கேக்கேன். எப்படிப் போனாங்க?" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். எல்லாம் சொன்னேன். அன்றைக்குக் காலையில் டம்ளர் சத்தம் கேட்டுப் போனேன். வாயைத் துடைத்துவிட்டேன். "இன்னைக்கு என்ன போட்ட?" என்று கேட்டார் அத்தை. "இன்னும் போடலத்தே" என்றேன். "போயிப் போடு, நேரமாச்சு" என்றார். போய், தண்ணீர் தெளித்து, நிதானமாகக் கோலம் போட்டேன். புதுக் கோலம், அதுவரை போடாதது. இன்றைக்காவது இவரால் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். வந்து பார்த்தால் கேட்பதற்கு அவர் இல்லை. ஆட்கள் வரத் தொடங்கியதும், முறைப்படி யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி அந்தக் கோலத்தைக் கழுவிவிட்டார்கள். அதை நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன கோலம் அது?" என்று அக்கா கேட்டார்.

"ஊடுபுள்ளி. ஏழுல இருந்து நாலு. நடுவுல தாமர."

"ம்" என்றார். அவருக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் கேட்டார்.

பிறகு தூக்கைத் திறந்தார். கஞ்சியும் பயறும், ஒரு காகிதத்தில் சுட்ட பப்படமும் இருந்தன. சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று கொண்டுவந்திருக்கிறார். தட்டு எடுக்க அடுக்களைக்குப் போனவர், அங்கே உலை வைத்துப் பல நாளானதைப் பார்த்திருப்பார். "துஷ்டிக்குக் கொண்டாந்தது. திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன். பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது.

"வளைகாப்பு எப்போ?" என்று கேட்டார்.

"வரவேண்டாம்னு நாளைக்கு அவகிட்ட சொல்லப் போறேன்க்கா. என்னால முடியல."

திட்டுவார் என்று நினைத்தேன். அறிவுரை வரும் என்று நினைத்தேன். "ம்" என்று மட்டும் சொல்லிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அக்காவும் பழக்க தோஷத்தில் பேசாமல்தான் வாசல் வரை போனார். அங்கே நின்றார். திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "நான் போயிட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிகிற நேரத்தில் எங்கள் வாசலில் விளக்குமாறு சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் தெளிக்கிற சத்தம். கனவோ என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்து பார்த்தால், நைட்டியும் தோளில் ஒரு துவர்த்துத் துண்டுமாக அக்கா எங்கள் வாசலில் வாளியோடு நிற்கிறார்.

என்னைப் பார்த்ததும், "வெள்ளம் தெளிச்சாச்சு. உணங்குறதுக்கு முன்ன வந்து போடு" என்றார். "எனக்குக் கோலம் வராது. எங்க வாசல்ல ஸ்டிக்கர்தான், நீயே பாத்திருக்கல்லா?"

அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கதவைத் திறந்து நிலைப்படியில் நின்றேன். சிமெண்டுத் தரை. பங்குனி மாதத்தில் அது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று எனக்குத் தெரியும். ஓரத்திலிருந்து ஈரம் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. மனதில் ஒரு வெளிச்சமும் வந்துவிடவில்லை. ஆனால் ஒருத்தர் தெளித்துவிட்டுப் போன தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. அது மட்டும்தான்.

கோலப்பொடி டப்பாவைத் தேடி எடுத்தேன். பொடி கட்டி கட்டியாக இருந்தது. விரலால் நசுக்கிக்கொண்டு குனிந்தேன். கை தானாக அந்தப் புள்ளிகளை வைத்தது. ஏழு, ஆறு, ஐந்து, நாலு. கழுவிவிடப்பட்ட அதே கோலம்தான். பொடி கட்டியாக விழுந்ததில் கோடு எங்கெங்கோ போயிற்று. தாமரை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நான் நிமிரும்போது ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும்தான் ஈரம் மிச்சமிருந்தது.

எதிரே அக்கா காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன போட்ட?" என்று கேட்டார்.

"ஊடுபுள்ளி. ஏழுக்கு நாலு" என்றேன்.

தெருவைத் தாண்டி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது தாமரையாட்டீ? பூன நடந்துபோன மாரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே வந்து குளித்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். கணவர் எழுந்து வந்து வாசலைப் பார்த்தார், பிறகு அடுக்களையைப் பார்த்தார். உட்கார்ந்து, நான் கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினார். அவர் கை கழுவும் முன்பே நான் மகளைக் கூப்பிட்டுவிட்டேன்.

"என்னம்மா?" என்றாள். வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குரலே சொன்னது.

"நாள் பாக்கச் சொல்லு உன் மாமியார்கிட்ட" என்றேன். "நான் கூட்டிட்டு வர ஆள் அனுப்பமாட்டேன். நானே வாரேன்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுநாளே எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் மறுநாளும் வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த நாளும் கேட்டது. அக்கா ஆபீஸுக்குப் போகும் அவசரத்திலும் அதை விடவில்லை. தெளித்துவிட்டுப் போய்விடுவார். சில நாள் நாலே புள்ளி வைத்து முடித்துவிடுவேன். அதற்கும் "என்ன போட்ட?" என்ற கேள்வி உண்டு, குறையும் உண்டு. பிறகு ஒரு நாள் அவருக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். அவர் வாளியோடு வந்தபோது எங்கள் வாசலில் கோலம் இருந்தது. அவர் வாசலிலும் அந்த ஸ்டிக்கரைச் சுற்றி நான் ஒரு வரிசை பூ போட்டிருந்தேன். "ஸ்டிக்கருக்கு மாலையா?" என்று கேட்டுவிட்டு வாளியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

வளைகாப்புக்கு அண்ணாச்சி வந்தார். வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "எனக்குத் துஷ்டி கேட்டவங்கள்லாம் எங்க? ஒரு தடவ எம்முன்னால அழுது காட்டுங்க, நானும் பாக்கணும்லா" என்றார். பூக்காரப் பெண் வெட்கப்பட்டு அடுக்களைக்குள் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு மகள் தலைக்கு வைத்த பூ முழுவதும் அவள் கொண்டுவந்தது. பேரன் பிறந்து, அவனை முதல் தடவை கையில் வாங்கியபோது என் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் பிடித்துக்கொண்டது.

அந்தப் பழைய சோர்வு இப்போதும் எப்போதாவது வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கெல்லாம் நான் முழு நாளைப் பற்றி யோசிப்பதில்லை, கோலத்தைப் பற்றிக்கூட யோசிப்பதில்லை. வாசலில் ஒரு வாளி தண்ணீரைத் தெளித்துவிடுவேன். பிறகு அது காய்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், செய்துவிடுவேன். நடக்காத ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்தான், நடந்த சாவுக்கு என்னிடம் துஷ்டி கேட்ட ஒரே ஆள் என்று, ஒவ்வொரு முறை தண்ணீர் தெளிக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.